ஏழாவது ஹோலின் இடப்பக்கம்

அப்பாவுக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. மட்டையை அவர் பிடிக்கிற பிடியைப் பார்த்து, “சாமுவேல், அது கடப்பாரை இல்லீங்க” என்று பவன் அங்கிள் சிரிப்பார். அப்பாவும் கூடவே சிரிப்பார். ஆனால் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அமைப்பு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பெங்களூரிலிருந்து கூப்பிட்டார்கள். கொச்சியிலிருந்து கூப்பிட்டார்கள். கடைசிக் காலத்தில் யாரும் கூப்பிடவில்லை. காரணம் ஒரே ஒரு பங்கர், ஆட்டத்துக்குத் தடையாக வைக்கிற ஒரு மணல்குழி. அந்தப் பங்கரை அவர் வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எழில். அவருடைய ஒரே மகள். வடிகால் பொறியாளர். மைதானத்தின் அடியில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று கணக்குப் போடுவது என் வேலை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அப்பா கருமத்தம்பட்டிப் பக்கத்துக்காரர். அவருடைய பெற்றோர் அடுத்தவர் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர்கள். அப்பா பாலிடெக்னிக்கில் சிவில் படித்தார். காந்திபுரத்தில் ஒரு கட்டட நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன் ஆனார். பவன் அங்கே ஒரு வரைபட வேலையாக வந்தார். ரேஸ்கோர்ஸில் வீடு. ஒரு காலத்தில் மில் வைத்திருந்த குடும்பம். வெளிநாட்டில் நிலவமைப்புப் படித்துவிட்டு, கோல்ஃப் மைதானங்கள் வடிவமைக்கும் திட்டத்தோடு திரும்பியிருந்தார். மேடு பள்ளங்களைக் கோடுகளாக வரையத் தெரிந்த ஆள் அவருக்கு வேண்டும். அப்பா அவரோடு போனார். வரைய மட்டும் போனவர், சில வருடங்களில் மைதானத்தில் பாதியை முடிவு செய்கிறவர் ஆனார். நிறுவனத்தின் பெயர்ப் பலகையில் முதலில் பவன் பெயர், அடுத்து அப்பா பெயர்.

பவன் திறமைசாலி. அதை மறைக்க மாட்டேன். வெறும் பொட்டல் காட்டில் நின்றுகொண்டு, இங்கிருந்து அடித்தால் அந்த மலை பின்னால் தெரியும் என்று கையை நீட்டுவார். மலை அந்த இடத்தில் அவருக்காகவே நிற்பதுபோல் இருக்கும். அப்பாவுக்கு அந்தக் கண் கிடையாது. அப்பா பார்த்தது வேறு. மைதானத்துக்குப் பதினெட்டு ஹோல். ஒவ்வொன்றும் டீ என்கிற மேடையில் தொடங்கி, கிரீன் என்கிற வழவழப்பான புல்திட்டில் இருக்கும் குழியில் முடியும். ஒன்று முடிந்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்தது தொடங்க வேண்டும். பதினெட்டையும் நிலத்தின் மேல் கோத்துக்கொண்டு போகும் வழிக்கு ரூட்டிங் என்று பெயர். வெயில் யார் கண்ணில் விழும், ஆடிக் காற்று பந்தை எங்கே தள்ளும், களைத்துப்போனவன் எந்த ஏற்றத்தில் மூச்சு வாங்குவான் என்பதெல்லாம் அதில் வரும். அது அப்பாவின் பகுதி.

தீர்ப்புச் சொல்லப் போகிற இடங்களில் முதலில் மைதானத்தை ஆளில்லாத நேரத்தில் பின்னாலிருந்து முன்னால் நடப்பார். கிரீனிலிருந்து டீக்கு. ஒரு முறை வடிகால் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். அந்த கிளப்பின் செயலாளர் பெருமையாகக் கேட்டார்.

“ஏனுங்க சாமுவேல், பங்கர் எத்தனை போட்டிருக்கறோம் பாத்தீங்களா?”

“பாத்தனுங்க. பாதிய மூடிப்போட்டீங்கன்னா மைதானம் நல்லா இருக்கும்.”

“மூடறதா? மணல் ராஜஸ்தான்ல இருந்து வந்ததுங்க!”

“மணலு அருமையான மணலுங்க. எடந்தான் சரியில்லை. பந்து போகாத எடத்துல பங்கர் வெச்சா அது பூந்தொட்டிங்க.”

செயலாளருக்கு முகம் சுண்டிவிட்டது. அப்பா அவரை ஒரு டீ மேடைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். “பங்கர்ங்கறது ஆளைத் தண்டிக்கறதுக்கு இல்லீங்க. கேள்வி கேக்கறதுக்கு. கிட்டத்துல போய் துணிஞ்சு அடிக்கறயா, ஒதுங்கிப் போறயா? பத்துப் பேர்ல ஏழு பேர் ஒதுங்குவான். அவன் ஒதுங்கற பக்கம் என்ன இருக்குதுன்னு கேள்வி கேக்கறவன் மொதல்ல பாத்திருக்கோணும்.”

திரும்பி வரும்போது காரில், “உனக்கு அவங்க ஊட்டுல சோறு கூட வாங்கித் தராம பண்ணிட்டேன் கண்ணு” என்று சிரித்தார்.

பவனும் அப்பாவும் வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. புது நிலம் என்றால் இரண்டு பேரும் தனித்தனியாக நடப்பார்கள். பவன் சிவப்பு முளைக்குச்சி அடிப்பார். அப்பா நீலம். பிறகு சேர்ந்து நடப்பார்கள். சிவப்பும் நீலமும் எங்கே பிரிகிறதோ அங்கே சண்டை. சண்டை நாள் கணக்கில் போகும். முடிவானதும் இரண்டு நிறத்தையும் பிடுங்கிவிட்டு வெள்ளைக் குச்சி அடிப்பார்கள். பிடுங்கிய குச்சிகளை தேநீர் போடுகிற அடுப்பில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு எது யாருடையது என்று இரண்டு பேரும் சொல்லக் கூடாது. கேட்கிறவர்களுக்கும் சொல்லக் கூடாது, வீட்டிலும் சொல்லக் கூடாது.

அம்மா ஒரு தடவை கேட்டாள். “இந்த மைதானத்துல உங்களுது எதுங்க?”

“எல்லாமே எங்களுது, அன்பு.”

“என்னையக் கட்டுனதுக்கு அவரையே கட்டியிருக்கலாம்” என்றாள் அம்மா. அவள் பெயர் அன்புச்செல்வி. பெயருக்கும் பேச்சுக்கும் சம்பந்தம் கிடையாது.

காரமடை தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ரிசார்ட் நிறுவனம் மைதானம் போட்டது. பெரிய வேலை. வடிகால் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அப்பாவோடும் பவனோடும் நான் சேர்ந்து செய்த ஒரே வேலை அது.

அந்த நிலத்தின் வடக்கு எல்லையில் ஓர் இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி அடைத்த வண்டித் தடம். பக்கத்து ஊர் ஆட்கள் கறிவேப்பிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போவது அதன் வழியாக. பாதையை மூட நிறுவனத்துக்கு உரிமை இல்லை. மூட வேண்டாம் என்று அப்பாவும் சொன்னார். ஏழாவது ஹோல் அந்த இட்டேரிக்குப் பக்கத்தில் மேற்கே பார்த்து ஓடியது. ஆடுகிறவருக்கு வலது கைப்பக்கம் பாதை. அங்கே காற்று தென்மேற்கிலிருந்து வரும். அதுவும் பந்தை வலப்பக்கம்தான் தள்ளும்.

அப்பா வலப்பக்கம் பங்கர் வைத்தார். பந்து விழுகிற தூரத்தில், பாதைக்கும் புல்வெளிக்கும் நடுவில். மணலைப் பார்த்தவன் இடப்பக்கம் ஒதுங்குவான். பாதையிலிருந்து விலகிவிடுவான். பவன் இதற்கு எதிராகச் சண்டை போட்டதும் கடைசியில் ஒத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் வடிகால் குழாய் எங்கே போக வேண்டும் என்று என்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளைக் குச்சி அடித்தார்கள். நான் குழாய்க்குக் கோடு போட்டேன்.

பிறகு அப்பாவுக்கு டெங்கு வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்தார். அப்போது பவன் எனக்கு ஃபோன் செய்தார்.

“எழில், ஏழாவதுல பங்கரை இடப்பக்கம் மாத்தறேன். குழாயைத் திருப்ப முடியுமா?”

“முடியும் அங்கிள். அப்பா என்ன சொன்னார்?”

“அப்பா உடம்பு தேறட்டும். நான் பேசிக்கறேன். நீ வந்து பாரு, இடப்பக்கம் வெச்சா அந்த ஹோலே வேற மாதிரி ஆயிருது.”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். பங்கர் இடது பக்கம் வந்ததும் அந்த ஹோலுக்கு உயிர் வந்துவிட்டது. மணலைத் தாண்டி அடிக்கத் துணிந்தவனுக்கு கிரீனும் மலையும் நேராகத் திறக்கும். துணியாதவன் வலப்பக்கம் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போக வேண்டும். வலப்பக்கம் என்றால் இட்டேரி.

அப்பா தேறி வந்ததும் பார்த்தார். இயந்திரம் குழியைத் தோண்டி முடித்திருந்தது. அவர் பவனிடம் கத்தினதை அன்றுதான் கேட்டேன்.

“அந்தத் தடத்துல பொம்பளைங்க நடக்கறாங்க பவன்! ஒதுங்கறவன் பூராவும் அங்கதான் அடிப்பான்.”

“மரம் வெச்சரலாங்க. ஒசரமா வலை கட்டிரலாம். எஸ்டிமேட்டுல சேத்திட்டேன்.”

“மரம் எப்ப வளர்றது?”

“அதுவரைக்கும் வலை இருக்குதில்லீங்க? சாமுவேல், நீங்களே நின்னு பாருங்க. டீயில போய் நின்னு பாத்துட்டு, இது நல்ல ஹோல் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் இப்பவே மூடறேன்.”

அப்பா டீ மேடையில் ஏறி நின்றார். ரொம்ப நேரம் நின்றார். இறங்கி வந்து சொன்னார்: “ஹோல் நல்லாத்தான் இருக்குது. வலையைக் கட்டச் சொல்லுங்க.”

வலை கட்டவில்லை. காட்சியை மறைக்கும் என்று ரிசார்ட் நிறுவனம் அதை எஸ்டிமேட்டிலிருந்து எடுத்துவிட்டது. மரக்கன்று வைத்தார்கள். பவன் வலியுறுத்தவில்லை. அப்பா இரண்டு முறை எழுதிக் கேட்டார். பதில் இல்லை.

மைதானம் திறந்தபோது நடுவர் குழு ஒன்று வந்து எல்லா ஹோல்களையும் மதிப்பிட்டது. அந்த வருடத்தின் சிறந்த ஹோல் என்று ஏழாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். இடப்பக்கப் பங்கரைப் பற்றி நடுவர்களில் ஒருவர் மேடையில் நீண்ட நேரம் பேசினார். இதை யோசித்தது யார் என்று கேட்டார். பவன் முறை தவறவில்லை. “நாங்க ரெண்டு பேருந்தான்” என்று அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினார். கூட்டம் கை தட்டியது. அப்பா எழுந்து நின்றார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் சங்கடமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

விபத்து ஓர் ஆடி மாதம் நடந்தது. காற்று பலமாக இருந்த காலை. ஆடியவர் பங்கரைப் பார்த்து வலப்பக்கம் ஒதுங்கி அடித்தார். பந்து காற்றில் வளைந்தது. அவர் எச்சரித்துக் கத்தினார். இட்டேரியில் கறிவேப்பிலை பறிக்கப் போய்க்கொண்டிருந்த செவ்வந்தி என்கிற பெண், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பந்து அவர் வலது கண்ணில் பட்டது. கண் போய்விட்டது.

ஊர் ஆட்கள் மைதானத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். நிறுவனம் அவசரமாக ஒரு குழு போட்டது. வெளியூர் மைதான வடிவமைப்பாளர்கள் இரண்டு பேர், ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவர். வடிவமைப்பில் தவறு உண்டா, உண்டென்றால் யாருடையது. அதுதான் கேள்வி. விசாரணை கிளப் ஹாலில் நடந்தது. வடிகால் பொறியாளர் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

வடிவமைப்பாளர்களுக்கு அரை மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. ஒருவர் பவனைப் பார்த்துக் கேட்டார்: “இந்தக் காற்று, இந்தப் பாதை. இடப்பக்கம் பங்கர் வைத்தால் ஆட்டக்காரரைப் பாதையை நோக்கித் தள்ளுவதாகத்தானே அர்த்தம்? யாருடைய முடிவு?”

நான் பவன் வாயிலிருந்து ‘நாங்க ரெண்டு பேரும்’ வரும் என்று எதிர்பார்த்தேன். அது வந்திருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன்.

பவன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ரூட்டிங், பங்கர் ரெண்டும் சாமுவேல் பார்த்ததுங்க. ஏழாவது அவரோட ஹோல்.”

அத்தனை வருடத்தில் ஒரு ஹோலுக்கு அவர் ஆள் பெயர் சொன்னது அதுதான் முதல் தடவை.

குழு அப்பாவைப் பார்த்தது. அப்பா பவனைப் பார்த்தார். பவன் நிமிரவில்லை.

“ஆமாங்க” என்றார் அப்பா.

நான் எழுந்துவிட்டேன். பங்கர் முதலில் வலப்பக்கம் இருந்தது என்றேன். மாற்றச் சொல்லி எனக்கு ஃபோன் வந்தது என்றேன். அப்போது அப்பா மருத்துவமனையில் இருந்தார் என்றேன். திரும்பிய குழாயின் வரைபடத்தை மேசை மேல் விரித்தேன். வழக்கறிஞர் அதைப் பார்த்துவிட்டு, “இடம் மாறியிருக்கிறது. சரி. யார் மாற்றியது என்று இதில் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

“என்னிடம் சொன்னவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். கேளுங்கள்.”

அவர் கேட்பதற்குள் அப்பா பேசினார். சத்தம் உயர்த்தவில்லை. பக்கத்து வீட்டாரிடம் சமாதானம் சொல்வதுபோல் சொன்னார்.

“இது எம் புள்ளைங்க. அப்பன்ங்கற பாசத்துல சொல்லுது. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரில இருந்து நாந்தான் மாத்தச் சொன்னேன்.”

வழக்கறிஞர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். வீட்டுக் குழந்தையைப் பார்க்கிற புன்னகை. வரைபடத்தை மடித்து என்னிடம் நீட்டினார்.

வேலையில் நான் சொன்ன ஓர் அளவை யாரும் அதுவரை பாசம் என்று தள்ளியதில்லை. தள்ளியவர் என் அப்பா.

காரில் திரும்பினோம். பெரியநாயக்கன்பாளையம் தாண்டியதும் அவரே தொடங்கினார்.

“அவார்டு குடுத்தப்ப எந்திரிச்சு நின்னேனில்ல கண்ணு?”

“அதுக்கு?”

“கை தட்டறப்ப எந்திரிச்சவன், கல்லு விழுகறப்ப உக்காந்துக்க முடியாது.”

“அவரு உக்காந்துட்டாரே அப்பா. அவரும்தான எந்திரிச்சாரு?”

“அது அவருக்கு.”

“நீங்க பொய் சொன்னீங்க. என்னைய வெச்சுப் பொய் சொன்னீங்க.”

“நானும் அந்த டீயில நின்னு, நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னேன். ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா மூடியிருப்பாரு. அது பொய் இல்லையே.”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தவறுக்கு ஒத்துக்கொள்வது வேறு, தவறை முழுதாக எடுத்துக்கொள்வது வேறு. பாதியைச் சுமந்தால் போதும், முழுதையும் சுமந்தால் மறுபாதிக்காரன் தப்பிக்கிறான். அதைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவரு தாலியை இப்பத்தான் கழட்டி வீசிட்டாரு, நீங்க இன்னும் மொய் எழுதிட்டிருக்கறீங்க” என்றாள். அன்றைக்கு அப்பா சிரிக்கவில்லை.

குழு அறிக்கை கொடுத்தது. அவர்கள் இருவருடைய நிறுவனத்தின் பெயர்ப் பலகையிலிருந்து அப்பாவின் பெயரை எடுத்தார்கள். ஏழாவது ஹோலைத் திருப்பி அமைத்தார்கள். பங்கரை வலப்பக்கம் வைத்தார்கள். அப்பா முதலில் வைத்த அதே இடம். அதைச் செய்தவர் பவன். சாமுவேலின் தவறைப் பவன் திருத்தினார் என்று ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் வந்தது. அப்பா அதைப் படித்தார். படித்து முடித்து, பத்திரிகையை அம்மா காய் நறுக்க விரித்துக்கொடுத்தார்.

தீர்ப்புச் சொல்ல யாரும் கூப்பிடவில்லை. சாலை வேலைகளுக்கு அளவெடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமைகளில் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறேன் என்று பஸ் ஏறுவார். என்னோடு பேசுவார், நானும் பேசுவேன். மைதானம் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. இந்த வருடம் மாசியில், குளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. நான் வீட்டுக்குப் போகும்போது அம்மா ஈரத் துண்டை அவர் தோளிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

கருமத்தம்பட்டியில் அடக்கம். பவன் வந்தார். அழுதார். நடிப்பு இல்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “சாமுவேல், சாமுவேல்” என்றார். எல்லாரும் கலைந்த பிறகு அவருடைய கார் வரை கூடப் போனேன்.

“ஏன் அப்படிச் சொன்னீங்க அங்கிள்?”

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. சாவியைக் கைக்குள் திருப்பினார்.

“அன்னிக்கு எனக்கு மூணு மைதானம் கையெழுத்தாகற நேரம் எழில். பயந்துட்டேன். உங்கப்பா மறுப்பாருன்னு நெனச்சேன். சத்தியமா. அவர் இல்லைன்னு சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேன். அவரு ஆமாங்கன்னுட்டாரு.”

“நான் மறுத்தேனே.”

“நீ மறுத்தே. அவரே உன்னைய இல்லைன்னுட்டாரே. அதுக்கப்பறம் நான் என்ன பண்றது?”

“இப்பச் சொல்லுங்க. பத்திரிகைக்குச் சொல்லுங்க. கிளப்புக்கு எழுதுங்க.”

“இப்பச் சொல்லி ஆருக்கு என்ன ஆகப்போகுது அம்மணி? அவரு போயிட்டாரு.” பிறகு, எனக்கு ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்: “ஏழாவதுக்கு அவரு பேரையே வெக்கச் சொல்லியிருக்கேன். கல்வெட்டு. அடுத்த மாசம் தெறக்கறாங்க. நீயும் அம்மாவும் வரோணும்.”

நான் கார்க் கதவைச் சாத்திவிட்டு நடந்தேன்.

ஒருவருக்காவது உண்மை தெரிய வேண்டும் என்று தோன்றியது. கிளப்பில் யாரும் கேட்கப் போவதில்லை. கேட்க உரிமை உள்ள ஒருவர் இருக்கிறார். கண்ணை இழந்தவர். அடுத்த வாரம் செவ்வந்தியைத் தேடிக்கொண்டு போனேன்.

ஓட்டு வீடு. வாசலில் உட்கார்ந்து கறிவேப்பிலையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் அவருடைய இடப்பக்கமாகப் போய் நின்றேன், தெரியட்டும் என்று.

“ஆரு?”

“சாமுவேல் மகளுங்க.”

கை நின்றது. “அவரு செத்துப்போட்டாருன்னு சொன்னாங்க. நெசந்தானா?”

“ஆமாங்க.”

“ரெண்டு சனிக்கெழமையா வரல. அப்பவே நெனச்சேன்.”

எனக்குப் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லப் புரிந்தது. விசாரணை முடிந்த வாரமே அப்பா அங்கே போயிருக்கிறார். நான்தான் அந்தக் குழியை வெட்டி வெச்சவன் என்று சொல்லியிருக்கிறார். பிறகு சனிக்கிழமைகளில் போயிருக்கிறார். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான்.

“வந்து அந்தக் கல்லு மேல உக்காருவாரு. நான் வாய்ல வர்றதையெல்லாம் பேசுவேன். உன்ர கண்ணு நோவாம இருக்குது, என்ர கண்ணைப் பறிச்சுப்போட்டயேன்னு பேசுவேன். ஒரு நாளு சாணியக் கரைச்சு ஊத்திட்டேன். தொடச்சிட்டு உக்காந்திருந்தாரு. தண்ணி கேட்டாரு. குடுக்கல. அதுக்கப்பறம் பாட்டில்ல அவரே கொண்டுட்டு வந்துருவாரு.” இலையை மறுபடியும் எடுத்தார். “ஆரு வந்தா? அந்த ரிசாட்டுக்காரன் வந்தானா? பந்தை அடிச்சவன் வந்தானா? ஏசறதுக்கு எனக்கு இந்த மனுசன் ஒருத்தர்தான் வந்தாரு.”

 எந்தக் கல் என்று பார்க்காமல் உட்கார்ந்தேன். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னேன். வலப்பக்கம், இடப்பக்கம், ஆஸ்பத்திரி, ஃபோன், ‘ஆமாங்க’. பவன் பெயரைச் சொன்னேன், அவர் வைக்கப்போகிற கல்வெட்டையும் சொன்னேன். என்னைப் பாசம் என்று தள்ளியதையும் சொன்னேன்.

 நான் முடித்த பிறகு செவ்வந்தி கேட்டார்.

“அப்ப அவரு வெக்கலையா?”

“இல்லீங்க. வெச்சதைப் பாத்துட்டு விட்டுட்டாரு. அவ்வளவுதான்.”

“என்னத்துக்கு எங்கிட்ட வந்து நாந்தான்னு சொன்னாரு?”

“தெரியலீங்க.”

“தெரியலையா?” அவர் குரல் ஏறியது. “செய்யாத ஆளு மேலயா நான் சாணிய ஊத்துனேன்? நான் ஏசுனதெல்லாம் பொய்யா? செஞ்சவன் ஊட்டுல ஜம்முன்னு இருக்கறான், இவரு இங்க வந்து என்ர வாயை அடைச்சு வெச்சிருக்கறாரு. நல்லவராட்டம் உக்காந்துட்டு என்னையும் ஏமாத்திப்போட்டாரே உங்கொப்பன்!”

இலைக்கட்டைத் தூக்கி எறிந்தார். அது என் காலடியில் விழுந்து பிரிந்தது.  அவர் சொன்னது சரி. என் கோபமும் அதுதான். என்னிடம் அதற்கு இத்தனை சுருக்கமான வார்த்தை இல்லாமல் இருந்தது.

பிறகு அழுதார். முந்தானையால் ஒரு கண்ணை மட்டும் துடைத்தார். இன்னொன்றில் நீர் வருவதில்லை போலிருக்கிறது.

“அந்த பவனு எங்க இருக்கறான்?”

“கோயமுத்தூர்ல. ரேஸ்கோர்ஸ்.”

“கல்லு நட்டறானாமே, உங்கொப்பன் பேர்ல? நாள் எது?”

“அடுத்த மாசம். தேதி தெரியாதுங்க.”

“அத்தனை நாளு ஆரு பொறுக்கறது? இன்னிக்கு ஊட்டுல இருப்பானா?”

“ஞாயித்துக்கெழமை. இருப்பாருங்க.”

அவர் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசற்படி ஏறினார். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

“நீ சொன்னப்ப அப்பன் மேல பாசம்னு தள்ளிப்போட்டாங்க. எனக்கு அந்த ஆளு மேல பாசம் கெடையாது, ஊருக்கே தெரியும். நான் போய் வாசல்ல நின்னு கேக்கறேன். என்ன சொல்லித் தள்ளுவாங்கன்னு பாக்கறேன். சீலை மாத்திட்டு வாரேன், இரு.”

அப்பா இதை விரும்பியிருக்க மாட்டார். சொல்லாதே கண்ணு, விட்டுரு என்றிருப்பார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். சிதறிய இலையைப் பொறுக்கிப் படியில் வைத்துவிட்டு, காரின் முன்கதவைத் திறந்து வைத்தேன்.